குருந்தமா, கொரண்டமா?

கனிமங்களின் கடினத்தை அளந்து காட்ட மோசு என்னும் செருமானிய அறிஞர் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு வரிசை வகுத்தார். மாக்கல் ஒன்று எனத் தொடங்கி வயிரம் பத்து என முடியும் அவ்வரிசையைப் பள்ளிப் பிள்ளைகள் இன்றும் நெட்டுருச் செய்கின்றனர். அதில் ஒன்பதாம் இடத்தில் நிற்கும் கல்லின் பெயரைத் தமிழில் எழுதுவோர் கொரண்டம் என்கின்றனர். கோரண்டம் என்பாரும் உளர். எவ்வாறு எழுதினும், அது மேலை அறிவியலோடு கப்பலேறி வந்த பெயர் என்பதே ஆசிரியர் கருத்து. ஆகலின் மாணவர் கருத்தும் அதுவே.

அச்சொல் ஆங்கிலம் அன்று, இலத்தீனமும் அன்று, கிரேக்கமும் அன்று. அது குருந்தம் என்னும் தமிழ்ச் சொல். இங்கிருந்து போய், அயலார் நாவில் உருத்திரிந்து, திரிந்த உருவத்தோடே திரும்பி வந்துள்ளது. தன் வீட்டுப் பிள்ளை வெளிநாட்டு உடை உடுத்து வந்து வாயிலில் நிற்க, விருந்தினர் என்று எண்ணித் திண்ணையில் இருத்திய தாயின் நிலையே இன்று தமிழர் நிலை.

இது தமிழ்ப் பற்று மிக்கோர் தாமே புனைந்துகொண்ட பெருமை அன்று. மேலையார் அகரமுதலிகளே இதற்குச் சான்று. அமெரிக்கரின் மெரியம்-வெப்சிட்டர் அகரமுதலி இச்சொல்லுக்கு மூலமாகத் தமிழ்க் குருந்தத்தைக் காட்டி, வடமொழிக் குருவிந்தத்தை அதன் உறவுச்சொல்லாகக் குறிக்கின்றது. ஆங்கிலேயனும் அமெரிக்கனும் 'இது தமிழனுடையது' என்று எழுதி வைத்திருக்க, தமிழன் 'இல்லை, இது உம்முடையது' என்று கைகூப்புகின்றான்.

திரிபு நேர்ந்த முறையைச் சற்று நோக்குக. தமிழில் அது தகரத்தை உடைய சொல். நாவின் நுனி பல்லைத் தொட்டு ஒலிப்பது. ஆங்கிலருக்கு அத் தகர ஒலி இல்லை. தம் நாவிற்கு இயன்ற அண்ணம் சார்ந்த ஒலியால் அவர் அதனைச் சொன்னார். அவ்வொலி தமிழன் செவியில் டகரமாக விழுந்தது. விழவே, ந்த என்பது ண்ட என்றாயிற்று. முதலில் நின்ற குகரம் ஆங்கில எழுத்துக் கூட்டலில் கொகரமாயிற்று. இடையில் நின்ற ருகரம் அவர்தம் பலுக்கலில் ரகரமாயிற்று. குருந்தம் கொரண்டமாயிற்று. தூத்துக்குடி டூட்டிகொரின் ஆனதும், தரங்கம்பாடி டிராங்குபார் ஆனதும், திருவல்லிக்கேணி டிரிப்ளிகேன் ஆனதும் இவ்வகைத் திரிபுகளே. ஆயினும் தமிழில் எழுதும் எவரும் டூட்டிகொரின் என்று எழுதுவதில்லை. ஊர்ப்பெயருக்கு உள்ள மானம் கல்லின் பெயருக்கு இல்லாமற் போனதற்குக் கரணியம் ஒன்றே: ஊர் தன்னுடையது என்பதைத் தமிழன் அறிவான், சொல் தன்னுடையது என்பதை அறியான்.

கல் யாது? அலுமினியமும், ஆக்சிசன் எனப்படும் உயிர்வளியும் சேர்ந்த சேர்மம் அது. அலுமினிய அணு இரண்டிற்கு உயிர்வளி அணு மூன்று. வேறு கலப்பின்றித் தூயதாய் இருந்தால் நிறமற்றுப் பளிங்கு போல் இருக்கும். குரோமியம் என்னும் மாழை சிறிதளவு புகுந்தால் செக்கச் சிவந்து மாணிக்கமாகும். இரும்பும் தைட்டானியமும் புகுந்தால் நீலமணியாகும். மாணிக்கமும் நீலமும் வெவ்வேறு கல் என்று உலகம் நெடுங்காலம் எண்ணியிருந்தது, இரண்டும் குருந்தமே. மணியாகும் தகுதியற்றுச் சாம்பல் நிறத்திலும் பழுப்பு நிறத்திலும் கட்டிகட்டியாய்க் கிடைப்பதும் குருந்தமே. அதனைப் பொடித்துத்தான் பிற மணிகளைத் தேய்த்தனர். அரசன் முடியில் ஏறியதும், கம்மியன் சாணையில் தேய்ந்ததும் ஒரே கல்லின் இரு பிறப்பு.

மோசின் வரிசையில் குருந்தம் ஒன்பது, வயிரம் பத்து என்பதால் இரண்டிற்கும் ஒரு படியே வேறுபாடு என்று எண்ணலாகாது. அளந்து பார்த்தால் வயிரம் குருந்தத்தினும் ஏறத்தாழ நான்கு மடங்கு கடியது. எனினும், வயிரம் ஒன்று நீங்கலாக, இயற்கையில் பெருவழக்காய்க் கிடைக்கும் கனிமம் எதுவும் குருந்தத்தைக் கீற இயலாது. 1902-இல் வெர்னாயி என்னும் பிரெஞ்சு வேதியியலார் அலுமினிய உயிர்வளிச் சேர்மத்தின் பொடியைக் கடுந்தழலில் உருக்கிச் செயற்கை மாணிக்கம் வளர்க்கும் முறையை வெளியிட்டார். கைக்கடிகாரங்களின் உள்ளே தேயாமல் நின்று அச்சினைத் தாங்கிய சிறு செங்கற்கள் அவ்வகையின. 1960-இல் மைமன் என்னும் அமெரிக்கர் முதன்முதலாக லேசர் என்னும் சீரொளியைப் பாய்ச்சியதும் செயற்கை மாணிக்கத் தண்டு ஒன்றிலிருந்தே. வேதியியல் நோக்கில் அத் தண்டும் குருந்தமே. ஆனால் அவ்வரலாற்றைத் தமிழில் எழுதுவோர் அங்கும் கொரண்டம் என்றே எழுதக்கூடும்.

இனிச் சொல் போன வழி. இலண்டனில் வாழ்ந்த உட்வர்டு என்னும் இயற்கை நூலார் 18-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் தம்மிடம் இருந்த அயல்நாட்டுக் கற்களுக்குப் பட்டியல் வகுத்தார். இந்தியாவிலிருந்து வந்த இக் கல்லும் அதில் இடம் பெற்றது. அவர் எழுதிய பெயரில் குருவிந்தம் என்பதன் சாயல் உண்டு. பின்னர் இதன் கடினத்தை வியந்தோர் வயிரத்தின் பெயரோடு இணைத்து வேறு பெயரும் வழங்கிப் பார்த்தனர்; அது நிலைக்கவில்லை. 1798-இல் கிரெவில் என்னும் ஆங்கிலேயர் ஆசியாவிலிருந்து வரும் குருந்தக் கல்லைப் பற்றி இலண்டன் அரச கழகத்தில் விரிவான ஆய்வுரை அளித்தார். அதில்தான் இன்று வழங்கும் ஆங்கில வடிவம் நிலைபெற்றது. நான்காண்டு கழித்து, 1802-இல், பிரான்சை விட்டு இலண்டனுக்குப் புகல் வந்திருந்த பூர்னோன் என்பவர், கீழைநாட்டு மாணிக்கமும் நீலமும் குருந்தத்தின் வகைகளே என விளக்கினார். கைவினைஞன் சாணையில் வழங்கிய பெயர், மாணிக்கத்தையும் நீலத்தையும் தன்னுள் அடக்கும் இனப்பெயராக உயர்ந்தது அப்போதுதான். வயிரத்தின் பெயரைச் சார்ந்த புதுப்பெயர் தோற்றது. தேய்ப்புக் கல்லுக்குரிய தமிழ்ப்பெயர் வென்றது.

இங்கே ஒரு மறுப்பு எழும். மூலம் தமிழ் அன்று, வடமொழிக் குருவிந்தமே மூலம் என்று எழுதும் நூல்களும் உள. உட்வர்டு எழுதிய வடிவம் அவர்களுக்குத் துணை. இம்மறுப்பை வெறுங்கூச்சலால் அடக்க இயலாது. ஆய்ந்தே விடையிறுத்தல் வேண்டும்.

முதலாவது, ஆங்கிலத்தில் நிலைத்த வடிவில் 'வி' என்னும் அசையே இல்லை. குருவிந்தத்தினின்று அதனைப் பெற வேண்டுமாயின் நடுவே ஓரசையை வீழ்த்த வேண்டும். குருந்தத்தினின்று பெற எதனையும் வீழ்த்த வேண்டுவதில்லை. இரண்டாவது, குரு என்பது நிறத்தைக் குறிக்கும் பழந்தமிழ் உரிச்சொல். தொல்காப்பிய உரியியல் அதற்கு அப்பொருளை வெளிப்படையாகவே கூறுகின்றது. சங்கப் பாடல்களில் அது குரூஉ என அளபெடுத்தும் வரும். செந்நீரைக் குறிக்கும் குருதி என்னும் சொல்லையும் இவ்வேரோடு சேர்த்து எண்ணுதல் பொருந்தும். நிறத்தாற் சிறந்த கல் குருந்தம் எனப்பட்டது என்று கொள்வதில் இடர்ப்பாடு இல்லை. மூன்றாவது, குருவிந்தம் என்பதற்கு வடமொழியில் மாணிக்கம் என்ற பொருளோடு கோரைப்புல் வகை என்ற பொருளும் உண்டு. அவ்விரண்டையும் பிணைக்கும் வேர் எளிதிற் புலப்படுவதன்று. ஆனால் தமிழின் உடன்பிறப்பாகிய தெலுங்கிலோ குன்றிமணிக்குக் குரிவிந்த என்று பெயர். குன்றிமணி செந்நிற வித்து. மாணிக்கம் செந்நிறக் கல். இவ்வொற்றுமையைத் தற்செயல் என்று ஒதுக்கிவிட இயலுமா என்பதை வடமொழிச் சார்பினர் எண்ணிப் பார்த்தல் நன்று. சிலப்பதிகாரத்து ஊர்காண் காதையில் மதுரை மணிக்கடைத் தெருவைக் காட்டும் இளங்கோவடிகள் மாணிக்கத்தின் வகை நான்கனுள் ஒன்றை விந்தம் எனக் குறிக்கின்றார். அங்கு முதற்பகுதி இன்றிப் பின்பகுதி மட்டும் தனித்து நிற்பதையும் கருதுக.

இவை யாவும் சேர்ந்து, குருவிந்தமே தெற்கிலிருந்து வடக்கே சென்ற சொல்லாதல் கூடும் என்னும் கருத்திற்கு வலுவூட்டுகின்றன. முற்றிலும் மெய்ப்பித்துவிட்டன என்று சொல்லுதல் மிகை. மெய்ப்பிக்கப்பட்டதையும் உய்த்துணர்ந்ததையும் வேறு வேறாகச் சொல்லாமல், ஒலி ஒப்புமை கண்ட இடமெல்லாம் 'இதுவும் தமிழே' என்று முழங்குவோர், தனித்தமிழுக்கு நண்பர் போல் வந்து பகைவர் கையில் படைக்கலம் தருகின்றனர். குருந்தத்திற்கு அவ்வகைத் துணை தேவையில்லை. ஆங்கிலச் சொல்லின் மூலம் தமிழ்க் குருந்தம் என்று அயலார் அகரமுதலியே ஒப்புகின்றது. அதற்கு மேலும் உள்ள வேராய்வு நிகழ்க. அது முடியுமளவும் கொரண்டம் என்று எழுதிக்கொண்டிருக்க வேண்டுவதில்லை.

சொல் மட்டுமா இந்நிலத்தினது? கல்லும் இந்நிலத்தினதே. நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டியின் வெண்பாறைகளில் குருந்தம் விளைந்து கிடப்பதை நிலநூலார் நெடுங்காலமாக அறிவர். அவ்வட்டாரத்துப் பாறையைப் பொடித்து நிலவின் மண்ணை ஒத்த மண் ஆக்கியே, 2023-இல் நிலவில் இறங்கிய சந்திரயான்-3 கலத்திற்கு முன்னோட்டம் நிகழ்த்தினர். காங்கயத்தை அடுத்த சிவன்மலைப் பகுதியிலும் குருந்தம் தாங்கிய பாறை உண்டு. நொய்யலாற்றங்கரைக் கொடுமணல், பதிற்றுப்பத்து அருங்கலத்தோடு சேர்த்துப் பாடிய கொடுமணமே என்பது ஆய்வாளர் துணிபு. அங்கே 1985 முதல் நடந்த அகழாய்வுகளில் மணி செய்த தொழிற்கூடத்தின் சுவடுகள் வெளிப்பட்டன. பளிங்கும் பச்சைக்கல்லும் பிறவும் கிடைத்தவற்றுள் நீலமணியும் ஒன்று. நீலமணி என்பது நீலநிறக் குருந்தமே என மேலே கண்டோம் அன்றோ? அதனை அறுத்துத் தேய்த்து மெருகேற்ற அதனினும் மெலிந்த கல் உதவாது. குருந்தத் தூளாவது வயிரத் தூளாவது வேண்டும். குருந்தத் தூளை உருக்கிய அரக்கோடு பிசைந்து வட்டமாக வார்த்துச் சாணை செய்யும் முறை இந்நாட்டு மணிக்கம்மியர் கைக்கொண்ட முறை; மேலை நாட்டார் வந்து கண்டு எழுதிவைத்தது. வேதியியல் என்னும் பெயரைக் கேளாத கைகள் அவை. எனினும் எக் கல் எக் கல்லை வெல்லும் என்பதை மோசு பிறப்பதற்கு முன்பே அக் கைகள் அறிந்திருந்தன.

இவ்விடத்தில் இன்னொரு கல்லையும் நினைத்தல் தகும். பரங்கிமலையும் பல்லாவரமும் நிற்கும் கருநீலப் பாறைக்கு அறிவியலில் சார்னோக்கைட்டு என்று பெயர். 17-ஆம் நூற்றாண்டில் கல்கத்தாவில் இறந்த சார்னாக்கு என்னும் கும்பினி அலுவலரின் கல்லறைக் கல் அப் பாறையால் ஆயது. அதனைக் கண்டு ஆலந்து என்னும் நிலநூலார் பாறைக்கே அவர் பெயரைச் சூட்டினார். கல் தமிழ்நாட்டது, பெயரோ கல்லறையில் கிடப்பவரது. குருந்தத்திற்கு அந்நிலை நேரவில்லை. நேராத பேற்றைத் தமிழரே தம் எழுதுகோலால் கெடுத்துக்கொள்வதுதான் விந்தை.

குருந்தத்தின் பெயர் இன்னும் ஒரு முறை கடல் கடந்தது. இம்முறை ஒரு பிழையின் தோளில் ஏறி. 1891-இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் ஆச்சிசன் என்பவர் செயற்கையாகக் கடுங்கல் ஆக்க முயன்றார். களிமண்ணையும் கரித்தூளையும் சேர்த்து மின்னோட்டத்தால் காய்ச்ச, பளபளக்கும் மணித்துகள்கள் தோன்றின. கரிமமும், களிமண்ணில் உள்ள அலுமினியச் சேர்மமும் கூடிப் பிறந்த பொருள் அது என எண்ணினார். ஆகவே கரிமத்தின் பெயரில் முற்பாதியையும் குருந்தத்தின் ஆங்கிலப் பெயரில் பிற்பாதியையும் ஒட்டிக் கார்போரண்டம் என்று பெயரிட்டார். ஆய்ந்தபோது அதில் குருந்தத்தின் கூறு ஏதும் இல்லை என்பது தெரிந்தது. அது சிலிக்கனும் கரிமமும் சேர்ந்த சேர்மம். ஆனால் பெயர் அதற்குள் வாணிகத்தில் ஊன்றிவிட்டது. 1954-இல் அந்த அமெரிக்கக் குழுமத்தின் கூட்டோடு சென்னையில் ஒரு தொழில் நிறுவனம் தோன்றி, திருவொற்றியூரில் சாணைக்கல் செய்யலாயிற்று. குருந்தம் என்னும் சொல் இலண்டன் சென்று, அங்கிருந்து அமெரிக்கா சென்று, தலையிழந்து வாலாகி, தனக்குத் தொடர்பே இல்லாத ஒரு பொருளின் முதுகில் ஒட்டிக்கொண்டு மீண்டும் வங்கக் கடலோரம் வந்து இறங்கியது. தரைக்கு மெருகிடும் தொழிலாளி இன்று அச்சொல்லை நாள்தோறும் சொல்கின்றான். தன் வாயில் இருப்பது பாதி தமிழ் என்பதை அவனுக்கு எவரும் சொன்னதில்லை.

'அறிவியற் சொல் உலகப் பொதுவன்றோ? அதனை ஏன் மாற்றுகின்றீர்?' என்று வினவுவோர் ஒருசாரார். இவர்கள் உலகத்தைப் பார்த்து இதனைச் சொல்லவில்லை. ஆங்கிலத்தைப் பார்த்துச் சொல்கின்றனர். இதே கல்லைச் செருமானியன் கொருண்டு என்கின்றான், உருசியனும் அவ்வாறே. பிரெஞ்சுக்காரன் கொரிந்தோன் என்கின்றான். இத்தாலியன் கொரிந்தோனே என்கின்றான். ஒவ்வொருவரும் தத்தம் நாவிற்கும் எழுத்திற்கும் இலக்கணத்திற்கும் ஏற்பவே அச்சொல்லைச் செதுக்கிக்கொண்டனர். ஆங்கிலன் எழுத்துக் கூட்டலை அப்படியே ஏற்றுத் தலைவணங்கியவர் எவரும் இலர். அயலவர்க்கே அவ்வுரிமை உண்டெனில், சொல்லை ஈன்றவனுக்கு இல்லையா? மேலும், இங்கே எதனையும் மாற்றச் சொல்லவில்லை. மாற்றப்பட்டதை மீட்கவே சொல்கிறது.

குருந்தம் என்றால் குருந்த மரத்தோடு மயங்குமே என்பார் இன்னொரு சாரார். திருப்பெருந்துறையில் மாணிக்கவாசகர் ஆட்கொள்ளப்பட்டது குருந்த மரத்தடியில் என்பது தமிழ்நாடு அறிந்த செய்திதான். ஆனால் வேதியியல் நூலில் அலுமினியத்தைப் பற்றிப் படிக்கும் மாணவன் மரத்தை எண்ணி மயங்குவான் என்பது மாணவனைப் பற்றிய மிகத் தாழ்ந்த மதிப்பீடு. மயக்கம் வருமிடத்துக் குருந்தக்கல் என்க, தீர்ந்தது.

மூன்றாவது சாரார் தனித்தமிழ் அன்பருள்ளேயே உளர். எந்த அயற்சொல்லைக் கண்டாலும் உடனே புதுச்சொல் படைக்க முனைவது இவர்கள் இயல்பு. ஒருவர் வன்மணி என்பார்; மற்றொருவர் கடுங்கல் என்பார்; மூன்றாமவர் இரண்டையும் மறுத்து வேறொன்று வடிப்பார். பத்தாண்டு கழித்துப் பார்த்தால் நான்கு புதுச்சொல்லும் நான்கு நூல்களில் கிடக்கும். வகுப்பறையில் கொரண்டமே இருக்கும். உயிர்வளிக்கே எத்தனை பெயர்! உயிரகம், உயிரியம், உயிர்க்காற்று எனத் தமிழ்நாட்டில் போட்டியிட, ஈழத்தார் ஒட்சிசன் என்று தமிழ் ஒலிக்கு இயைய எழுதி, ஒரே வடிவைப் பள்ளி நூல்களில் நெடுங்காலம் வழங்கி வருகின்றனர். அவ்வடிவை ஏற்பதா என்பது வேறு. அந்த ஒருமைப்பாட்டை மதித்தே ஆகவேண்டும். சொல் இல்லாத இடத்தில் படைப்பது கடமை. சொல் இருக்குமிடத்தில் படைப்பது, இருப்பதைப் புதைப்பதற்கு ஒப்பாகும். குருந்தத்திற்குப் புதுச்சொல் வேண்டா.

செய்யவேண்டுவது சிறிது. பாடநூல் எழுதுவோரும், கலைச்சொல் தொகுப்போரும், நாளிதழாரும் ஒன்பதாம் கடினக் கல்லைக் குருந்தம் என எழுதுக. மாணிக்கத்தைச் செங்குருந்தம் என்றும் நீலமணியை நீலக்குருந்தம் என்றும் வேதியியல் நூல்களில் ஓரிடத்தில் விளக்குக; அவ்விரண்டும் ஒரே சேர்மம் என்பது பெயரிலேயே விளங்கும். வழக்கில் உள்ள மாணிக்கம், நீலம் என்பவற்றை நீக்கவேண்டுவதில்லை. ஆச்சிசன் கண்ட பொருளுக்கோ குருந்தத்தின் பெயரைத் தமிழில் சூட்டவே கூடாது. கார்போரண்டம் என்பதைத் தமிழாக்குவதாக எண்ணிக் கரிமக்குருந்தம் என்று எவரேனும் எழுதின், அது அவருடைய பிழையையும் சேர்த்து மொழிபெயர்த்ததாகும். அதில் குருந்தம் இல்லை. சிலிக்கனும் கரிமமுமே உள. அதற்கு அவ்விரு தனிமங்களின் பெயரால் அமைந்த பெயரே உண்மைப் பெயர்.